பிளாப்பிக்குள் சவரிமுத்து

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர்கள் இருமிச் சளி துப்பின என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி அதெப்படித் துப்பும் என்பதுதான். துப்பியதை வைத்துக்கொண்டு நீங்கள் என்னய்யா செய்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நாங்கள் எப்பேர்ப்பட்ட ஜென்மங்கள் என்பது அப்போதே தெரிந்துபோயிருக்கும். எப்படித் துப்பியது என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. துப்பியது, அவ்வளவுதான், அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குச் சோற்றில் கை வைக்கப் பிடிக்காமல் போகிறது.

எங்களுடையது டேனரி ஊர். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள், ஆலைகளில் சுண்ணாம்புக் குழிகள், குழிகளில் ஊறுகிற ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும், அவை மயிர் கழன்று சதை கழன்று வடித்துவிடுகிற தண்ணீர் போய்ச் சேருகிற ஓடை, அந்த ஓடையிலிருந்து கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் மாதா கோவிலுக்குள்ளும் முதலிரவு அறைக்குள்ளும் கேட்காமல் நுழைகிற வாடை. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்துவார்கள்; ரெண்டு நாள் இருந்தால் பழகிவிடும் என்று நாங்கள் சொல்வோம், சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். எந்த அசிங்கத்தையும் ரெண்டே நாளில் பழகிக்கொள்கிற ஊர் எது என்று போட்டி வைத்தால் கோப்பை எங்களுக்குத்தான் வரும்.

அப்படிப்பட்ட ஊரில்தான், பிளாப்பித் தட்டுகள் புழக்கத்தில் இருந்த அந்தக் காலத்தில், 'சரவெடி' என்றொரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. காகிதத்தில் வந்ததில்லை, முழுப் பத்திரிகையும் ஒரு பிளாப்பிக்குள் அடங்கியிருக்கும், அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் திரையில் பத்திரிகையின் பெயர் தீப்பிடித்து எரியும், எழுத்துகள் அலையலையாய் நெளிந்து ஓடும், தலையங்கமும் வம்பும் வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கெட்டிக்காரர்களின் வரிசையும் பக்கம் பக்கமாக வரும், படிக்கிற நேரமெல்லாம் பின்னணியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரை வைத்துச் சம்பளக் கணக்குப் போடலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, அதை வைத்து ஒன்றுக்கும் உதவாத அழகான வேடிக்கை காட்டலாம் என்று நினைத்த ஒரு கூட்டம் ஊர் ஊருக்கு இருந்தது. அவர்கள் அப்பா அம்மா வைத்த பெயரை விட்டுவிட்டுப் பட்டப்பெயர் சூட்டிக்கொண்டு, வெற்றுத் தட்டைத் தபாலில் அனுப்பி நிறைந்த தட்டைத் தபாலில் வாங்கி, முகம் பார்க்காமலே சிநேகிதமும் விரோதமும் வளர்த்தார்கள்.

'சரவெடி'யைச் செய்தவர்கள் மூன்று பேர். ஆசிரியர் கிருபாகரன், பெரிய டேனரி முதலாளி நாகலிங்கத்தின் ஒரே மகன், தனக்குத் தானே 'சக்ரவர்த்தி' என்று பட்டம் கட்டிக்கொண்டவன். புரோகிராம் எழுதியவன் அன்வர், பட்டப்பெயர் சூறாவளி, நிஜத்தில் ஈக்குக்கூடப் பயப்படுவான். பாட்டுக் கட்டியவள் அமலோற்பவம், பட்டப்பெயர் குளவி. நாகலிங்கம் மகனுக்கு வைத்துக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் பகலெல்லாம் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, வகுப்பு முடிந்த பிறகு அதே கம்ப்யூட்டரில், சின்னச் சின்ன ஒலித் துண்டுகளை எண்ணும் எழுத்துமாக அடுக்கி அடுக்கிப் பாட்டாக்குவாள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தர்மம் இருந்தது. பொய் சொல்லலாம், பீற்றிக்கொள்ளலாம், எதிரிக் குழுவின் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டலாம். ஆனால் அடுத்தவர் கட்டிய பாட்டைத் தன் பெயரில் போடக் கூடாது. போட்டால் அவன் மனிதனே இல்லை. அப்படிப் போட்டவர்களின் பட்டப்பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக் காறித் துப்புவதற்கென்றே 'சரவெடி'யில் 'களவாணி மேடை' என்று ஒரு பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்தைக் கிருபாகரனே தன் கையால் எழுதினான், மூன்று ஊர்ப் பையன்கள் அதில் பெயர் வந்த அவமானத்தில் கம்ப்யூட்டரையே தொடுவதை விட்டுவிட்டார்கள்.

அமலோவின் அப்பா சவரிமுத்து நாகலிங்கத்தின் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். குழியும் தோலைப் பதமாக்கப் போடுகிற குரோம் உப்பும் அவர் நெஞ்சை உள்ளிருந்து பதனிட்டுவிட்டன. கடைசி வருஷம் முழுக்க அவர் செய்த ஒரே வேலை இருமுவதுதான். ஆழத்திலிருந்து ஒரு இழுப்பு, நடுவில் ஒரு விம்மல், கடைசியில் சளி கழன்று வருகிற ஒரு கரகரப்பு. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அமலோ டேப்ரிக்கார்டரை எடுத்து வந்து அவர் வாயருகில் வைத்தாள்.

"எதுக்குத்தா இதைப் போயி பிடிக்கிற?" என்று கேட்டார் சவரிமுத்து.

"தாளம் நல்லாருக்குப்பா. எந்த டிரம்முலயும் இது வராது."

"அட கிறுக்கி," என்று சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று, அதையும் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். அவருடைய இருமலை மூன்றாக அரிந்து, இழுப்பை மத்தளமாகவும் விம்மலை ஜால்ராவாகவும் கரகரப்பை அடித்தாளமாகவும் வைத்து, மேலே ஒரு புல்லாங்குழலை மட்டும் தனியாக அலையவிட்டிருந்தாள். நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஆள் செத்த வீட்டில் யாரோ கோலம் போடுகிற மாதிரி இருந்தது அது, கேட்டு முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏழாம் இதழுக்கு அந்தப் பாட்டைத்தான் கொடுத்தாள். கிருபாகரன் அதைப் போட்டுக் கேட்டான். வாசகர் ஓட்டு வரிசையில் தன் பெயர் ஒரு தடவைகூட வராத ஆசிரியர் அவன். படம் போட்டுப் பார்த்தான், புரோகிராம் எழுதிப் பார்த்தான், ஒன்றும் ஏறவில்லை, வயிறு மட்டும் எரிந்தது. ஏழாம் இதழ் வெளிவந்தபோது திரையில் நெளிந்து ஓடிய எழுத்து இப்படி இருந்தது: இசை, சக்ரவர்த்தி.

அந்த எழுத்து திரையின் நடுவுக்கு வந்த நேரத்தில் சென்டரின் முதல் கம்ப்யூட்டர் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்து, விம்மி, பிளாப்பி செருகுகிற வாய் வழியாக ஒரு கரண்டி சளியைத் துப்பியது. வெதுவெதுப்பாக, சாம்பல் மஞ்சளாக, சுண்ணாம்பும் குரோமும் கலந்த வாடையோடு அது கீபோர்டின் மேல் வழிந்து இறங்கியது. அன்வர் குனிந்து பார்த்து, உள்ளே எண்ணெய் கசிகிறது என்று சொல்லிப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தான். மறுபடி செருகினார்கள், மறுபடி துப்பியது. அடுத்த கம்ப்யூட்டரில் செருகினார்கள், அதுவும் துப்பியது. தபாலில் போன தட்டுகள் போன ஊரிலெல்லாம் துப்பின.

எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ரெங்கராஜ் அந்தச் சளியை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். டேனரி ஆட்களின் நெஞ்சையெல்லாம் தட்டிப் பார்த்த மனுஷன் அவர்.

"இது சவரிமுத்து சளிதான்யா," என்றார். "அந்தாளு சாகுறவரைக்கும் நாந்தான பாத்தேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் புரிந்தது. ஊர் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோயிற்று, யாருடைய இருமல், யார் கட்டிய பாட்டு, யார் பெயரில் ஓடுகிறது என்று டீக்கடை பெஞ்சில் அக்குவேறு ஆணிவேறாகப் பேசினார்கள். பேசிவிட்டு டீயைக் குடித்தார்கள். ரெங்கராஜ் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையை டெட்டாலில் கழுவிக்கொண்டார், கழுவும்போது, "நமக்கெதுக்குய்யா முதலாளி வீட்டு வம்பு" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

ரெண்டு நாள் ஆயிற்று. பழகிவிட்டது.

பாத்திரக் கடையில் கம்ப்யூட்டர் வாய்க்குக் கீழே மாட்டுகிற மாதிரி வளைந்த பிளாஸ்டிக் தட்டம் ஒன்று விற்பனைக்கு வந்தது, நீலம், பச்சை, ரோஸ். கல்யாண வயசுப் பெண்கள் அதற்கு ஓரத்தில் மணி கோத்துத் தைத்தார்கள். சளியை இடது கையால் துடைக்க வேண்டும், துடைக்கிற துணியைத் தனியாக வைக்க வேண்டும், தட்டு ஓடும்போது டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று மரியாதைகள் தாமாகவே ஏற்பட்டன. காலேஜ் ஹாஸ்டலில் கெட்டியாகத் துப்புகிற தட்டை ஒரிஜினல் என்றும் நீர்க்கத் துப்புவதை நகலுக்கு நகல் என்றும் தரம் பிரித்தார்கள். ஒருவன் விரலால் தொட்டு இழுத்துப் பார்த்து, நூல் மாதிரி வந்தால்தான் அசல் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். வெளியூர்ப் பையன்களோ புகார் எழுதாமல் பாராட்டு எழுதினார்கள், உலகத்தில் எந்தத் தட்டுப் பத்திரிகையும் செய்யாத வித்தை இது, எப்படிச் செய்தீர்கள் சக்ரவர்த்தி என்று கேட்டார்கள். செத்துப்போன ஒரு கூலிக்காரனின் நெஞ்சுச் சளி என்று அவன் எந்த வாயால் எழுதுவான், அது தொழில் ரகசியம் என்று பதில் போட்டான். ஓட்டு வரிசையில் இசைக்கு முதலிடம் சக்ரவர்த்திக்கு வந்தது.

அமலோ கிருபாகரனிடம் போய் நின்றாள்.

"கிருபாண்ணே, அது எங்கப்பா. பேர மாத்திருங்கண்ணே."

"பேருல என்னம்மா இருக்கு," என்றான் அவன், திரையைப் பார்த்தபடியே. "பத்திரிகைக்கு நல்ல பேரு வந்தா நம்ம எல்லாத்துக்குந்தான?"

"ஒண்ணுமில்லேல்ல. அப்ப எம்பேரப் போட்டுருங்க."

அவன் பெரிய மனசு பண்ணுகிறவனைப் போல் நாற்காலியைத் திருப்பினான். இதழின் கடைசியில் நண்பர்களின் பெயர்களை வரிசையாக ஓடவிட்டு வாழ்த்துச் சொல்வது இந்தக் கூட்டத்தின் வழக்கம். ஓசிக்குத் தட்டுக் கொடுத்தவன், டீ வாங்கி வந்தவன் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

"அடுத்த இதழ்ல வாழ்த்து ஓடும்ல, அதுல உம்பேரப் போடுறேன். டீக்கடை மாணிக்கத்துக்கு அடுத்து. போதுமா?"

அவள் வெளியே வந்து அன்வரைப் பிடித்தாள். அன்வர் படிக்கட்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்ல அன்வரு? நான் ஒவ்வொரு துண்டா வெட்டுனப்ப பக்கத்துல நீதான இருந்த?"

"தெரியும்," என்றான் அன்வர். "விடு அமலோ. முதலாளி மகன். எனக்கு அவங்க ஆபீஸ்லயே வேலை போட்டுத் தர்றேன்னுருக்காரு."

"களவாணி மேடைய டைப் அடிச்சுக் கோத்தது நீதானடா?"

"அது வெளியூர்க்காரனுக்குத்தான," என்றான் அவன், நிஜமாகவே புரியாமல். பக்கத்தில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையிலிருந்த வடையைப் பிடுங்கி ஓடையில் எறிந்திருக்க வேண்டும், எறியவில்லை.

அவள் விடவில்லை. மற்ற ஊர்த் தட்டுப் பத்திரிகைகளுக்கெல்லாம் எழுதினாள். அவர்கள் அதை வம்புப் பக்கத்தில், 'சரவெடி வீட்டுக்குள் குடுமிப்பிடி' என்று தலைப்புக் கொடுத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பாதிரியாரிடம் போனாள், அவர் அப்பாவின் ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு, கோவில் கம்ப்யூட்டரும் துப்புகிறது, அந்த நீலத் தட்டம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

பயந்து கலங்கியவர் ஊரிலேயே ஒரே ஒருவர்தான், அதுவும் நாகலிங்கம். அவர் வீட்டு ஹாலில் மகன் தட்டைப் போட்டபோது அவர் சோபாவிலிருந்து எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டேய், சவரிமுத்து இருமுறான்டா," என்றார். "நம்ம ஹால்ல நின்னு இருமுறான். நிறுத்துடா அதை."

அப்பா சொன்னார் என்று கிருபாகரன் பாட்டைத் திறந்து, இருமல் துண்டுகள் மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடையில் கிடைக்கிற டிரம் சத்தத்தைப் போட்டுத் திருத்திய பதிப்பு என்று அனுப்பினான். அது துப்பவில்லை. சுத்தமாக ஓடியது. அடுத்த தபாலிலேயே தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. இருமாத பாட்டு ஒரு பாட்டா, சளி வராத சரவெடி ஒரு சரவெடியா, எங்களை என்ன கேனையன் என்று நினைத்தீர்களா என்று ஊர் ஊராகத் திட்டி எழுதினார்கள், உள்ளூரில் பாத்திரக் கடைக்காரரே வந்து வருத்தப்பட்டார். கிருபாகரன் இருமலைத் திரும்பப் போட்டுவிட்டான். நாகலிங்கம் ஒரு வாரம் முனகிப் பார்த்துவிட்டு, வீட்டு ஹாலுக்கு மட்டும் எவர்சில்வரில் ஒரு கிண்ணம் செய்து வாங்கினார். அவருக்கும் பழகிவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் தட்டுப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கூடுகிற சங்கமத்தை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பல ஊர்ப் பையன்கள் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், இறங்கியதும் மூக்கைப் பொத்தினார்கள். மேடையில் ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து வயர் போட்டு மண்டபம் முழுக்க டிவிகள். சிறந்த இசைக்கான கோப்பை சக்ரவர்த்திக்கு என்று அறிவித்ததும் விசில் பறந்தது. தலைமை தாங்க வந்திருந்த காலேஜ் முதல்வர், அந்தப் பாட்டை நானும் கேட்க வேண்டாமா என்றார். கிருபாகரன் சிரித்துக்கொண்டே தட்டைச் செருகினான்.

பெயர் ஓடியது. கம்ப்யூட்டர் பெட்டி இருமியது. ஒவ்வொரு துப்புக்கும் கூட்டம் கை தட்டியது, முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், பையன்கள் மேடையை நெருங்கித் தட்டத்துக்குள் விரலை விட்டு நூல் இழுத்துக் காட்டினார்கள், முதல்வர்கூட வழுக்கைத் தலையைத் தடவியபடி அபாரம் அபாரம் என்றார்.

அமலோ நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். மேடை ஏறி வந்து கிருபாகரனுக்கு முன்னால் நின்றபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"பேர நீங்களே வச்சுக்கங்கண்ணே. எங்கப்பாவ மட்டும் குடுத்துருங்க."

அவன் முதல்வரைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அந்த ரோஸ் தட்டத்தைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் பெட்டியின் முதுகை மெல்ல மேலிருந்து கீழாக நீவிவிட்டு, வலது உள்ளங்கையை அதன் வாய்க்குக் கீழே ஏந்தினாள்.

"துப்புப்பா," என்றாள். "வெக்கப்படாத. நான்தான். முழுசாத் துப்பிரு."

பெட்டி இழுத்தது. அப்படியொரு இழுப்பை அது அதுவரை இழுத்ததில்லை. மண்டபத்து டிவிகள் எல்லாம் அதிர்ந்தன. விம்மியது. பிறகு கழன்று கழன்று வந்தது, கட்டியாக, கோடுகோடாக, இடையிடையே சிவப்பாக, ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் குழிக்குள் நின்று உள்ளே இழுத்தது அத்தனையும். அவள் உள்ளங்கையில் வாங்கினாள், நிறைந்ததும் முந்தானையில் வழித்துக்கொண்டு மறுபடி வாங்கினாள், மணிக்கட்டில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. பெட்டி அடங்கியது. அவள் அதன் வாயோரத்தை முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. "சீ."

"கையில வாங்குறா பாருடி."

"பொம்பளையா இவ. குமட்டுது."

சற்று முன் நூல் இழுத்துக் காட்டிய பையன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். முன்வரிசைப் பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள். முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். அமலோ முந்தானையை மார்போடு சேர்த்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அவள் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அன்வர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்திக்கொண்டான். அவள் யாரையும் பார்க்கவில்லை, வாசலைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் மட்டும் ஓடியது; தாளம் விழ வேண்டிய இடங்களிலெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. பெட்டியின் வாய் காய்ந்து கிடந்தது. திரையில், இசை, சக்ரவர்த்தி என்று எழுத்து நெளிந்து நெளிந்து போனது. பிறகு முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார், இசையில் மௌனத்தைக் கையாள எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதைத் தம்பி சக்ரவர்த்தி இன்று நமக்குக் காட்டிவிட்டார் என்றார், கோப்பையை எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். கை தட்டல் நடக்கும்போதே மண்டபத்து வாட்ச்மேன் ஒரு வாளியோடு வந்து, அமலோ உட்கார்ந்த நாற்காலியில் தொடங்கி அவள் நடந்து போன வழி நெடுக, வாசல் வரைக்கும், பினாயில் ஊற்றிக்கொண்டே போனான்.